பிரிக்காத பெட்டி

"மறுபடியும் அனிமே பொம்மையா? நாற்பது வயசுல வெட்கமா இல்ல?" கூரியர் பெட்டியைப் பார்த்ததும் சீறினாள் சிஹாரு.

"கத்தாதே! இதே பொம்மை அலமாரியில இருக்கு. ஆனா அதோட பெட்டியைப் பிரிக்க மனசு வரல. இது, கடற்கரையில நிக்க வச்சுப் படம் எடுக்க" என்றான் கணவன் தோமோயா.

சிஹாருவின் குரல் இறங்கியது. "வித்தது யாரு?"

"யாருக்குத் தெரியும்? பழைய பொருள் விக்கற செயலியில, ரெண்டு பக்கமும் பேரு, விலாசத்தை மறைச்சிடுவாங்க."

பெட்டிக்குள், விற்பவர்கள் வழக்கமாகக் கைப்பட எழுதி வைக்கும் நன்றிச் சீட்டு இருந்தது. அதைப் படித்தவன் பாய்ந்துபோய் அலமாரியைத் திறந்தான். பொம்மை இருந்த இடம் காலி.

"பேரை மறைச்சுட்டே. கையெழுத்தை மறைக்கலையேடி!"