அரைஞாண்
"எக்கா, இரும்பு, தகடு எல்லாத்தையும் கழத்தியாச்சுல்லா?" என்று ஸ்கேன் எடுப்பவர் கேட்டபோது செல்வராணி ஆமென்று தலையாட்டினாள். ரத்தப் புற்றுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அவள் மகன் இசக்கிராஜா இடுப்பு வலியென்று நடக்க மறுத்தான். மருந்து எலும்பைக் கெடுத்ததா, நோயே திரும்பிவிட்டதா என்பதைப் படம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர். ஆஸ்பத்திரி அங்கிக்குள் பையனின் அரைஞாணும் அதில் கோத்த தாயத்தும் அப்படியே இருந்தன. ஆண்பிள்ளையின் இடுப்பை ஒரு நொடிகூட வெறுமையாக விடக் கூடாது. பழைய கயிற்றை அறுக்குமுன் புதியதைக் கட்டிவிட வேண்டும். இயந்திரம் தடதடத்து ஓய்ந்தது. திரையில், இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. "சார், அது தாயத்து சார், வேற ஒண்ணுமில்ல" என்று அவள் அழுதாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா!" என்று அவர் கத்தினார். அவள் முந்தானை ஓரத்தைக் கிழித்துப் பையனின் இடுப்பில் கட்டினாள். பிறகுதான் அரைஞாணை அறுத்தாள். "எம்மா, அதக் கீழ வச்சிராத" என்றான் அவன். மறுபடியும் இயந்திரம் தடதடத்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், தாயத்தை உள்ளங்கையில் இறுக்கியபடி அவள் ஸ்கேன் எடுப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரைக்கு அருகே குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "எக்கா, எல்லாத்தையும் கழத்தியாச்சுல்லா?"