பந்தித் தலைவர்

"அண்ணாச்சி, அடப்பிரதமன் தீந்துட்டு!"

பாயச வாளியைக் கவிழ்த்துக் காட்டினான் சிஜின். ஒரு சொட்டு விழவில்லை.

சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கு வியர்த்தது. தலையில் துண்டு, கழுத்தில் விசில். அந்தத் தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தி விளம்ப இளவட்டங்களைச் சேர்ப்பதும் அவர்தான், விரட்டி விரட்டி வேலை வாங்குவதும் அவர்தான். இருபது வருஷத் தலைமை. கூலிக்கு ஆள் வைத்துப் பரிமாறினால், "இது கல்யாண வீடா, ஓட்டலாடே?" என்பார்.

"மெதுவா பேசுலே. எத்தனை இலைக்கு இல்ல?"

"கடைசி ரெண்டு வரிசைக்கு. மாப்பிள்ளைக்க பெரியப்பாவும் அதுலதான் இருக்காரு."

போட்டோ எடுத்து முடித்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்ததே இந்த மூன்றாவது பந்தியில்தான். இலையில் போளி வைத்தாகிவிட்டது. மேலே ஊற்றப் பிரதமன் இல்லை.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பெண்ணுக்க அப்பா எங்க? எங்க ஆளுக வாறதுக்கு முன்னாலயே பாயசத்த முடிச்சாச்சா? இல்ல, எங்களுக்குன்னா கணக்குப் பாத்துத்தான் ஆக்கினியளா?"

பந்தியில் எல்லோருடைய கையும் நின்றது. பெண்ணின் அப்பா ஆறுமுகப்பெருமாள் ஓடி வந்தார். கும்பிட்டார்.

மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் இருந்த கல்யாணப் பெண் அஞ்சு, தலையைத் தூக்கவே இல்லை. சாயந்தரம் அவள் போகப்போவது அந்த வீட்டுக்குத்தான். இந்தப் பேச்சும் கூடவே போகும். அவள் பேரன் எடுத்த பிறகும் யாராவது ஒருத்தர் ஞாபகப்படுத்துவார்.

அண்ணாச்சி விசிலை ஊதினார்.

"ஏலே சிஜின், சுனில்! ரெண்டு பேரும் இங்க வாங்கலே!"

வந்தார்கள்.

"ஒரு சருவம் நிறைய பிரதமனைத் தரையில கவுத்திட்டு, எங்கிட்டயே மறைச்சியளா?"

சுனில் முழித்தான். "அண்ணாச்சி, நாங்களா?"

"பேசாத! சூடா இருக்கு, தூக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." பெரியப்பா பக்கம் திரும்பினார். "நான் பந்தியிலதான் நின்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, என்னச் சொல்லிராதீங்க. இருபது வருஷப் பேரு. எல்லாம் இந்தப் பயலுவ பாத்த வேலை!"

பெரியப்பா இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். ஆளுக்கு ஆறடி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு தடியன்மாரு சேந்து ஒரு சருவத்தத் தூக்க முடியலையாடே? சரி சரி, மோரு கொண்டு வாங்க."

பந்தி முழுவதும் சிரித்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரைக் காணோம்.

மோர் வாளியோடு போன சிஜின் பாடுதான் பாவம்.

"தம்பி, மோரையாவது கவுத்தாம கொண்டு வா."

"கைய நல்லாப் பிடி மக்கா, வாளி ஓடிராம."

அஞ்சுவோடு கல்லூரியில் படித்த ஜினி அந்த வரிசையில்தான் இருந்தாள். அவள் கேட்காமலே நான்கு தடவை அவியல் வைத்திருந்தான் சிஜின். இப்போது அவள் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "பாத்து. சேலை புதுசு."

பந்தி முடிந்ததும், சமையல் நடந்த ஆக்குப்புரைக்குப் பின்னால் அண்ணாச்சியைப் பிடித்தார்கள்.

"ஒமக்காக லீவு போட்டுட்டு வந்து மூணு பந்தி ஓடினோம். எங்கள மாட்டி விட்டுட்டு நீரு ஓடிட்டீரு. தலைவராம், தலைவரு!" என்றான் சுனில்.

அண்ணாச்சி குழாயைத் திறந்து முகம் கழுவினார். "அந்த நேரத்துல என் தலை தப்பணும்லா மக்கா."

"அப்ப எங்க தலை? இனி எந்தக் கல்யாணத்துலயும் நீரே விளம்பும்!"

சிஜினுக்கு அதோடு ஆறவில்லை. "வாலே, சமையல்காரரக் கூட்டிட்டுப் போவோம். ஒண்ணும் கவுரலன்னு பெரியப்பாகிட்ட அவரே சொல்லட்டும்." ஜினியின் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும் என்பது அவன் ஆசை.

சமையல்காரர் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். இவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"சொல்லலாம். கவுரலன்னா, பின்ன பிரதமன் எங்கன்னு கேப்பாங்கல்லா?"

"எங்க?"

"ஆக்கினாத்தானே இருக்கும். மூணு சருவம் வேணும்னு நான் எழுதிக் கொடுத்தேன். பெண்ணுக்க அப்பா ரெண்டுக்குத்தான் சாமான் தந்தாரு. அவருக்கு அதுக்குத்தான் ஏலும். மூணாவது பந்திக்குக் காணாதுன்னு காலையிலேயே அண்ணாச்சிகிட்ட சொன்னேன். 'பெருமாள்கிட்ட போயிக் கேட்டுராதேயும், கூசிப் போவாரு. நான் பாத்துக்கிடுகேன்'னாரு."

சமையல்காரரை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பத் தயாராக நின்றது. ஏறப் போன பெரியப்பா இவர்களைப் பார்த்ததும் நின்றார்.

"உண்மையச் சொல்லுங்கடே. பிரதமனக் கவுத்தது ரெண்டுல யாரு?"

வேன் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த ஆறுமுகப்பெருமாளின் முகம் வெளிறியது. அஞ்சுவுக்குப் பக்கத்தில் நின்ற ஜினி பதிலுக்குக் காத்திருந்தாள்.

"நான்தான்," என்றான் சிஜின்.

"இல்ல, நான்," என்றான் சுனில்.

பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் தெருமுனை வரை கேட்டது.

"பாத்தியளா? ரெண்டு பேருக்கும் கூட்டு! நான் அப்பவே சொன்னேன்லா!"