மலைக்காற்றுக்குக் கட்டிய மூட்டை

புதுக் கோரைப்பாயை எடுத்து ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, சத்தியபாய் அதை மறுபடியும் பரணில் வைத்தாள். மூட்டைக்குப் போனது ஓரம் பிய்ந்த ஓலைப்பாய்.

கட்டிலில் சாய்ந்திருந்த அவள் புருஷன் ரசலையனுக்குச் சுருக்கென்றது.

"நல்ல பாயில நான் படுத்தா ஒனக்கு என்னட்டி கொறையுது?"

காசநோய்க்காரன் படுத்த பாயைக் கடைசியில் கொளுத்தத்தான் வேண்டும். ஊருக்கே தெரிந்த விஷயம் அவனுக்கு மட்டும் தெரியாதா என்ன? தெரிந்தும் கேட்டான்.

மலைக்காற்று, ஆஸ்பத்திரி டாக்டர் சொன்ன யோசனை. கீரிப்பாறை அடிவாரத்தில் இரண்டு ராத்திரி திறந்த வெளியில் படுத்துப் பார்க்கட்டும், இருமல் தணிந்தால் அங்கேயே ஒரு குடிசை போட்டுக்கொள்ளலாம் என்றார்.

இருமல் தணிந்து உடம்பு தேறினால் பூங்கனியை வீட்டுக்குக் கொண்டுவரலாம். அவர்களுடைய ஒரே பிள்ளை. அப்பன் இரத்தம் துப்பிய நாள் முதல் கொட்டாரத்தில், சத்தியபாயின் தங்கை நேசபாய் வீட்டில் வளர்கிறாள்.

வாடகைக் கார் ஓட்டும் ஞானதாசன் ரசலையனோடு படித்தவன். முதலாளியிடம் கெஞ்சிக் காரை வாங்கிவிட்டான். பெட்ரோலுக்குக் கொடுத்தால் போதும், அவன் முன்சீட்டில் படுத்துக்கொள்வான். காரின் ஓரத்திலிருந்து இரண்டு கம்புக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் கூடாரம் ஆயிற்று.

தார்ப்பாய் கருவாட்டு வியாபாரியிடம் இரவல் வாங்கியது. வீடே நாறியது.

மலைக்காற்றைச் சுவாசிக்கப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான கூரை கிடைக்காது என்றான் ரசலையன். அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு நாளாகியிருந்தது.

சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பந்தலில் படுத்ததைத் தவிர இரண்டு பேருக்கும் வெளியில் தங்கிப் பழக்கமில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. அவள் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அம்மியை யார் சுமப்பது என்று கேட்டான். கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

கோட்டாற்றில் வாங்கிய கம்பளியையும் அவள் எடுக்கவில்லை. கோணிச்சாக்கைப் பிரித்துத் தைத்து வைத்திருந்தாள்.

"மலையில குளிருமேட்டி."

"கம்பளி பிள்ளைக்கு இருக்கட்டும்."

பிள்ளைக்கு என்றதும் அவனே கோணிச்சாக்கை மடித்து மூட்டைப் பக்கம் தள்ளினான்.

அடுக்களைச் சாமான்கள் கடைசியில் வந்தன. மண்சட்டி, அகப்பை, அரிசி, இலைத்துண்டில் பொதிந்த கருப்பட்டி. பிறகு இரண்டு தம்ளர்களைப் பழந்துணியில் சுற்றி உள்ளே திணித்தாள்.

ரசலையனுக்கு எரிச்சல் பொங்கியது. அவன் குடிக்கிற தம்ளரில் வேறு யாரும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். நோய் வந்தது முதல் அதைத் தனியாக வெந்நீரில் போட்டு, தனியாகக் கவிழ்த்து வைப்பவளே இவள்தான். இன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டாள்.

"மூணு பேருக்கு ரெண்டு தம்ளரா? ஒனக்கு என்ன, கோட்டி பிடிச்சிருக்கா?"

சத்தியபாய் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"ஒண்ணு ஞானதாசண்ணனுக்கு. மத்தது நமக்கு. இனி தனித்தனியா வச்சு என்னத்துக்கு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கொட்டாரத்துக்குப் போனவள், பூங்கனி கையை நீட்டி அழுதும் தூக்கவில்லை. முந்தானைக்குள் இருமியபடி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாள். நேசபாய் மறுநாளே வந்து, வாசலில் நின்றபடி, இதைச் சொல்லிக் குறைப்பட்டாள்.

பெற்ற பிள்ளையைத் தூக்காத கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு அவன் வாயில் வந்தபடி திட்டியிருந்தான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கஞ்சியை ஆற்றி அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.