ஒரே ஒரு பக்கம்

புத்தகத்தைக் கண்டாலே காத தூரம் ஓடுகிறவள் மகள். ஆனால் ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு வந்த அப்பா, "கதை பாதியில நிக்குதும்மா. ஒரே ஒரு பக்கம் வாசியேன்" என்று கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு பெண் தனியாகப் படகு செலுத்தி, ஆறு பிறக்கும் இடத்தைத் தேடிப் போகிற கதை. முதல் நாள் மென்று விழுங்கி வாசித்தாள்.

"அப்புறம்?" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் அவர் கேட்காமலே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பத்தாம் நாள், சுவரில் அசைந்த மாலை வெயில்கூட அவளுக்குத் தண்ணீராகத் தெரிந்தது. வாசிக்க வாசிக்க, கட்டிலோடு அறையே மெல்ல மிதந்தது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்ததால் அவள்தான் எடுத்தாள்.

"அப்பாவுக்குப் பார்வை எப்படி இருக்கு, பாப்பா?" என்று கேட்டார் நர்ஸ்.

"இன்னும் கட்டே பிரிக்கலையே, சிஸ்டர்."

"என்னம்மா சொல்ற? போன திங்கட்கிழமை நான்தானே பிரிச்சுவிட்டேன்? நீ ஸ்கூலுக்குப் போயிருக்கேன்னு சொன்னார். பேப்பர்கூட படிச்சுக் காட்டினாரே."

சற்று நேரத்தில் அப்பா சுவரைத் தடவியபடி வந்து, கட்டிலில் சாய்ந்தார். கண்ணில் கட்டு கச்சிதமாக இருந்தது.

"எங்கம்மா விட்டோம்?"

மகள் அவரையே ஒரு நிமிடம் பார்த்தாள்.

"கட்டு இறுக்கமா இருக்காப்பா? கொஞ்சம் தளர்த்திக் கட்டிவிடறேன்" என்று அருகில் போய் முடிச்சை இளக்கிக் கட்டினாள்.

பிறகு புத்தகத்தை எடுத்தாள். கடைசி அத்தியாயம் என்பதால், வேண்டுமென்றே மெதுவாக வாசித்தாள்.