காமாலை மனு

"நீங்க ஆஜராகாததால தீர்ப்பு எதிரா ஆயிடுச்சு. அதை ரத்து பண்ணச் சொல்லி முப்பது நாளைக்குள்ள மனு போட்டிருக்கணும். ஒரு வருஷமா எங்க போனீங்க?" என்று கேட்டார் வக்கீல் குருமூர்த்தி.

"மறந்துட்டேனுங்க," என்றார் சென்றாயன். ஓமலூர்ப் பக்கம் ஒரு வண்டித்தடத்துக்கான வழக்கு அது. தடம் கைவிட்டுப் போனால் அவர் காட்டுக்கு உழவு டிராக்டர் நுழையாது.

"மறதியை எந்தக் கோர்ட்டும் ஏத்துக்காது. மஞ்சள் காமாலைன்னு எழுதிடறேன்."

சென்றாயன் பதறினார். "காமாலை மட்டும் வேண்டாமுங்க. காலு ஒடைஞ்சுதுன்னு எழுதுங்களேன்."

"காலுக்கு எக்ஸ்ரே கேப்பாங்க. காமாலைக்கு நாட்டு மருந்துன்னா ரசீதே வேண்டாம். இருபது வருஷமா என் கட்சிக்காரங்க எல்லாருக்கும் காமாலைதான். கையெழுத்துப் போடுங்க."

விசாரணை நாளில் நீதிபதி மனுவைப் படித்துவிட்டு, சென்றாயனை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பெரியவரே, போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை என் மகளுக்குக் காமாலைன்னு உங்க வீட்டு வாசல்லதானே வரிசையில நின்னோம்? மூணு வேளை மருந்துல சரியாயிடும்னு சொன்னீங்க. ஆயிடுச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி ஒரு வருஷம் இழுத்துது?"

குருமூர்த்தி கேஸ் கட்டுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

சென்றாயன் கும்பிட்டார். "மனு பொய்யிங்க சாமி, மருந்து நெசமுங்க. தடம் போனாப் போகுது, அந்தக் காயிதத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க. எனக்கே ஒரு வருஷம் ஆச்சுன்னு வெளிய தெரிஞ்சா, ஞாயித்துக்கெழமை என்ற ஊட்டுக்கு மருந்து வாங்க யாருங்க வருவாங்க?"