ஏக்கருக்கு நாலு மூட்டை

"உங்க மண்ணுல சத்தே இல்லம்மா. இப்பவே உரம் போடலைன்னா இந்தத் தடவையும் தக்காளியை மறந்துட வேண்டியதுதான்."

தேசிகன் நீட்டிய தாளை ருக்கு வெடுக்கென்று வாங்கினாள். பக்கத்தில் நின்ற ராம்கிக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அத்திபெலே கல்யாண மண்டபத்தில் ஓர் உரக் கம்பெனி நடத்திய இலவச மண் பரிசோதனை முகாம் அது. தேசிகன்தான் அதிகாரி. போன திங்கட்கிழமை மண்ணைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இன்று ரிசல்ட்டுக்காக வந்திருந்தார்கள். தாளை வாங்கிய கையோடு பலரும் பக்கத்து மேஜைக்குப் போய் உரத்துக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

போன வருஷமும் இங்கே சொன்ன கணக்குப்படிதான் ராம்கி உரம் போட்டான். ஒன்றரை ஏக்கர் தக்காளியும் இலை கருகி நின்றது. செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்ட ருக்கு, அதன் பிறகு பத்து நாள் யாரிடமும் பேசவில்லை. 'நீங்க பத்தாமப் போட்டிருப்பீங்க' என்றார்கள் கம்பெனியில். இருக்கலாம் என்றே ராம்கியும் நினைத்தான்.

"சார், நிஜமாவே மெஷின்ல வெச்சுப் பாத்தீங்களா?" என்றாள் ருக்கு.

"பின்ன? உங்க பொட்டலம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. கவரைத் தொட்டதுமே தெரிஞ்சுது. கல்லு, வேரு ஒண்ணும் இல்லாம எவ்ளோ நைசாச் சலிச்சிருந்தீங்க!"

ராம்கிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ருக்கு கட்டிக் கொடுத்த பொட்டலத்தை பைக்கில் கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான்.

"இந்த வரிசையில ஏழு பேரைக் கேட்டுட்டேன் சார். ஏழு பேருக்கும் ஏக்கருக்கு நாலு மூட்டைன்னு எழுதியிருக்கீங்க. ஏரிக்கரை மண்ணுக்கும் மேட்டு மண்ணுக்கும் ஒரே கணக்கா?"

தேசிகனின் சிரிப்பு சுருங்கியது. "மெஷின் பொய் சொல்லாதும்மா. ஸ்வல்ப நகருங்க, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"நகர மாட்டேன்."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ராம்கி அவள் முழங்கையைத் தொட்டான். "ருக்கு, மானம் போகுது. வா, போலாம்."

"போற மானம் நம்முது இல்லீங்க. நீங்க சும்மா இருங்க." கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். "இதுல கையெழுத்துப் போட்டு சீல் வைங்க சார்."

ஆளை அனுப்பினால் போதும் என்று தேசிகன் கையெழுத்துப் போட்டு, சீலையும் குத்தினார்.

"இப்ப மைக்குல படிங்க. எல்லாரும் கேக்கட்டும். அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், எத்தனை மூட்டை சொன்னாலும் எடுத்துட்டுப் போறோம்."

தயங்கி நின்ற கூட்டத்தைத் தேசிகன் ஒரு பார்வை பார்த்தார். சண்டைக்காரியே ஒத்துக்கொண்டாள் என்றால் மற்றவர்களுக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? உற்சாகமாக மைக்கை எடுத்தார்.

"ருக்மணி. ஒன்றரை ஏக்கர். செம்மண். தழைச்சத்து குறைவு. மணிச்சத்து ரொம்பக் குறைவு. சாம்பல்சத்து குறைவு. நம்ம லேப்ல மூணு தடவை பார்த்து உறுதி செஞ்சது. ஏக்கருக்கு நாலு மூட்டை!"

ராம்கி பெருமூச்சு விட்டபடி உர மேஜையை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

ருக்கு எட்டி மைக்கை வாங்கினாள்.

"நான் கட்டிக் கொடுத்தது ராகி மாவு சார்!"