ஸ்டியரிங்கில் ஆட்டம்

"எல்லாரும் எறங்குங்க! இந்த வண்டி இனி ஒரு அடி நகரக்கூடாது!"

வினோதா போட்ட சத்தத்தில், பின்னால் நின்றிருந்த பெண்கள் கூடைகளோடு குதித்தார்கள்.

தோட்டத்துப் பெரிய கெப் வண்டி அது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்ததும், கொழுந்து பறிக்கிற பெண்களைத் தூரத்து மலைக்கு ஏற்றிப்போகும். இன்று வளைவில் திரும்ப வேண்டியது திரும்பாமல் நேரே போய், பள்ளத்து விளிம்பில் முட்டுக்கொடுத்தது போல் நின்றுவிட்டது. கீழே தேயிலைச் சரிவு. அதற்கும் கீழே ஓயா, ஆறு.

"குடிச்சிட்டா ஓட்டுற?" டிரைவர் மதுரன் மீது பாய்ந்தாள் வினோதா.

"ஐயோ, இல்லக்கா! நீங்களே பாருங்க." அவன் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினான். உள்ளே ஸ்டியரிங் கால்வட்டம் சுற்றியது. வெளியே சக்கரம் அசையவே இல்லை. "தோட்டத்தை நடத்துற தொரைகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. பழைய வண்டின்னா ஆடத்தான் செய்யும், மெதுவா ஓட்டுங்கறாரு."

"மெதுவா விழுந்தா சாக மாட்டோமாமா?"

பெண்கள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம் தந்தாலும் தரட்டும், ஏற மாட்டோம்.

விஷயம் தொழிலாளர் சங்கத் தலைவர் பொன்னையா காதுக்குப் போனது. மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். பின்னால் நோர்வூட் டவுன் மெக்கானிக் மரியரட்ணம்.

"மொதல்ல என்ன கோளாறுன்னு தெரியட்டும். அப்புறம் இருக்கு தொரைக்கு," என்றார் தலைவர்.

மரியரட்ணம் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். சாக்கை விரித்து அடியில் படுத்தார்.

"தம்பி, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஸ்டியரிங்கை லேசா அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுங்க."

டக்... டக்... என்று அடியில் சத்தம் கேட்டது.

"ஸ்டியரிங் பெட்டி நல்லாத்தான் இருக்கு," கீழிருந்தே சொன்னார் மரியரட்ணம். "அங்கேருந்து வர்ற கம்பியும் அசையுது. கம்பி போய்ச் சக்கரத்தோட சேருற மூட்டுத்தான் தேஞ்சுபோச்சு. ரெண்டு பக்கமும்." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கழண்டுச்சுன்னா ஸ்டியரிங் இவரு கையில இருக்கும், சக்கரம் அது பாட்டுக்குப் போகும்."

தலைவருக்கு முகம் சிவந்தது. துரைக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

"சாமான் கொழும்புல இருந்து வரணும் பொன்னையா. அது வரைக்கும் மெதுவா..."

"அது வரைக்கும் நீங்க வந்து இதுல நில்லுங்க தொரை! நாங்க உங்களை மலைக்கு ஏத்திட்டுப் போறோம்!"

பெண்கள் கைதட்டினார்கள்.

"ஒரு இரும்புத் துண்டை மாத்துறதுக்கு மனசு வரல. எங்க பொம்பளைங்க உசுருன்னா அவ்வளவு கேவலமா? நாளைக்கே புதுசு போடல, மூணு டிவிஷன்லயும் ஒரு கொழுந்து கிள்ள மாட்டோம். சொல்லிட்டேன்!"

"சரி, வண்டியைக் கராஜுக்கு அனுப்புங்க," என்றது துரையின் குரல்.

மறுநாள் சாயங்காலம் தலைவர் வினோதாவையும் நோர்வூட்டுக்குக் கூட்டிப்போனார். "நம்ம ஆள் ஒருத்தர் கண்ணு முன்னாலதான் மாட்டணும். இல்லாட்டி பழசுக்கு கிரீஸைத் தடவி அனுப்பிருவாங்க," என்றார்.

மரியரட்ணம் கொழும்பிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து புது மூட்டுகளை எடுத்துக் காட்டிவிட்டு மாட்டினார். முடித்ததும் வினோதாவை சீட்டில் ஏறி உட்காரச் சொன்னார்.

"ஆட்டிப் பாருங்க தங்கச்சி."

பயந்து பயந்துதான் தொட்டாள். கொஞ்சம் திருப்பியதுமே முன்சக்கரம் கூடவே திரும்பியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தலைவரே, நீங்க மட்டும் இல்லாட்டி எங்களை ஓயாவுலதான் தேடியிருக்கணும்."

"அட, இதுக்குத்தானே தலைவருன்னு இருக்கேன்!" என்று சிரித்தார் பொன்னையா.

கழற்றிய பழைய மூட்டுகளை மரியரட்ணம் கழிவு இரும்பு போடும் தகர டப்பாவுக்குள் போடப்போனார்.

"இருங்க, இருங்க. வீசிறாதீங்க." தலைவர் ஓடிப்போய் அவற்றை வாங்கிக்கொண்டார். "என்னோட சொந்த வண்டியும் இதே மாடல்தான். அதுல இதைவிட மோசம், கம்பி சுத்தி ஓட்டிக்கிட்டு இருக்கேன். அதுக்கு இதை மாட்டி விட்டுருங்க."

மரியரட்ணம் அவரையே பார்த்தார். "உங்க வண்டின்னா... ஸ்கூலுக்கு ஓடுறதா?"

"ஆமா. காலையில ஒரு ட்ரிப், மத்தியானம் ஒரு ட்ரிப். அவ்வளவுதானே?"

சீட்டில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த வினோதா அப்படியே நின்றாள்.

"தலைவரே... அதுலதானே எங்க மக தனுஷிகாவும் போறா?"

பொன்னையா அவள் தோளில் தட்டினார்.

"நீ ஏம்மா பயப்படுற? எல்லாம் சின்னப் புள்ளைங்கதானே, பாரமே இருக்காது!"